கடைசி வரியில் மற்றவை

எங்கள் வீட்டுப் பின்புறத்துப் பலா மரத்தில் என்னென்ன பூச்சி இருக்கிறது என்று வெள்ளிக்கிழமைதோறும் எனக்கு ஒரு தாள் வரும். காலனியில் மற்றவர்களுக்கும் வரும். ஆனால் அவர்களுக்குப் போனில் குரலாக வரும். "உங்கள் மரத்தில் பட்டைப்புழு இரண்டு. மாவுப்பூச்சி இல்லை. மருந்து தேவையில்லை." அவ்வளவுதான். எனக்கு மட்டும் தாளாக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமே. என் பெயர் போட்டு வந்த முதல் காகிதம் அதுதான்: தனகோட்டி, முந்திரி ஆலை காலனி, நாலாம் வரிசை, மரம் எண் முப்பத்தொன்று.

எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் ஒரு வரியையும் தாண்டிப் போக முடியாது. கம்பெனி பெயர், மர எண், தேதி, எல்லாவற்றையும் விரல் வைத்துப் படிப்பேன். அதற்கடியில் கட்டம் கட்டிய பட்டியல். இடப்பக்கம் பூச்சியின் பெயர், வலப்பக்கம் வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கட்டம். சாம்பல் துளைப்பான், தண்டு துளைப்பான், பட்டைப்புழு, மொட்டு வண்டு, மாவுப்பூச்சி, அசுவினி. கடைசியில் ஒரு வரி: மற்றவை. குரல் அந்த வரியைப் படிக்காது. போனில் கேட்கிற யாருக்கும் அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது.

சாம்பல் துளைப்பான் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கிருந்தோ கப்பலில் வந்த மரக்கட்டைக்குள் இருந்து வந்தது என்றார்கள். மூன்றே வருஷத்தில் பண்ருட்டிப் பக்கத்துப் பலாத் தோப்பில் பாதியைத் தின்றுவிட்டது. வெளியே இலை பச்சையாக இருக்கும், உள்ளே அடிமரம் மாவாகக் கிடக்கும். அதற்குப் பிறகு சட்டம் வந்தது. வீட்டுப் பின்புறத்தில் ஒற்றை மரம் இருந்தாலும் அதில் காது பொருத்த வேண்டும். கழற்றினால் குற்றம். எங்கள் காலனியில் பொருத்தும் வேலையை ஆலையே ஒரு கம்பெனிக்குக் கொடுத்தது. உளுந்து வடை அளவில் ஒரு வட்டத் தகடு, பின்னால் விரல் நீள ஊசி. ஊசியைப் பட்டைக்குள் அடித்து இறக்கிவிட்டால் உள்ளே புழு மெல்லும் சத்தத்தைக் கேட்டு, அது இன்ன புழு, இத்தனை புழு என்று சொல்லிவிடும்.

நான் முதலில் நம்பவில்லை. முதல் தாளில் பட்டைப்புழு இரண்டு என்று இருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கவட்டையில், மரத்தூளும் எச்சமும் நூலால் பின்னி, பாய் மாதிரி ஒட்டிக் கிடந்தது. விரலால் தள்ளினேன். அடியில் ஓட்டை. கம்பியை விட்டுக் குத்தி இழுத்தால் கறுத்த புழு ஒன்று வந்தது. இன்னொரு கவட்டையில் இன்னொன்று. மூன்றாவது எங்கேயும் இல்லை. பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து ஓட்டையில் அடைத்து, களிமண் பூசினேன். அடுத்த வாரம் தாளில் சுழியம். அன்றிலிருந்து அந்தத் தாள் பொய் சொல்லாது என்று எனக்கு நம்பிக்கை.

மரம்தான் சரியில்லை. நட்டு ஒன்பது வருஷம். ஒரு காய் கிடையாது.

அந்த மரத்தடியில்தான் வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு பேர் உட்காருவோம். நானும் என் பெண்டாட்டி அஞ்சலையும், ஆலையில் முந்திரி உடைப்புக் கூடத்தில் வேலை செய்யும் பவுனு, எனக்கு எதிர் வீட்டுக் கலியன், இன்னும் மூன்று பேர். பேச்செல்லாம் கையுறையைப் பற்றி. எவ்வளவு எந்திரம் வந்தாலும் பருப்பு உடையாமல் முழுசாக வர வேண்டுமென்றால் கைதான் வேண்டும். கொட்டையின் தோட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் விரல் கறுத்து, தோல் உரிந்து, சோறு பிசைய முடியாது. ஆலை கொடுத்த கையுறை நான்கு நாளில் கிழிந்துவிடும். மாதத்துக்கு ஒன்றுதான் தருவார்கள். கலியன் பெண்டாட்டி முனியம்மாவுக்கு இரண்டு விரலில் நகமே இல்லை.

மூன்று முறை திட்டம் போட்டோம். மூன்று முறையும் மேனேஜருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை எல்லாரும் சேர்ந்து அவர் அறைக்குப் போவோம் என்று பேசினோம். திங்கட்கிழமை காலையில் கேட்டிலேயே ஒவ்வொருவராக நிறுத்தி உள்ளே அனுப்பினார்கள். தொழிலாளர் ஆபீசர் வருகிற நாளில் கையைக் காட்டலாம் என்றோம். அன்றைக்குப் பார்த்து முனியம்மாவையும் இன்னும் நாலு பேரையும் குடோனுக்கு மாற்றியிருந்தார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு மரத்தடியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதே மாறிப்போனது. யாராவது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்கூட மற்ற ஆறு பேரும் முதுகைப் பார்ப்போம்.

முதலில் வாயைத் திறந்தவன் நான்தான்.

"கூரைத் தகடு புதுசா இருக்கே, கலியா."

"ஆமா மச்சான். ஆலையிலேருந்து ரெண்டு ஆளு வந்து மாட்டிட்டுப் போனாங்க."

"நீ கேட்டியா?"

"இல்ல."

"கேக்காதவன் வூட்டுக்குத் தகடு தானா பறந்து வருதா?" என்றாள் பவுனு. "நாலு வருஷமா மனு குடுக்குறேன். சட்டிய வெச்சு மழையப் புடிச்சுகினு இருக்கேன். எனக்கு ஒரு ஆணி வரல."

"எனக்கும் புரியலக்கா. வேணாம்னு சொன்னேன். மேனேஜர் சொன்னாருன்னு மாட்டிட்டாங்க."

"மேனேஜர் சொன்னாரு," என்று பவுனு அவனைப் போலவே சொல்லிக்காட்டினாள். "நீ அவருக்கு இன்னா சொன்ன?"

கலியன் என்னைப் பார்த்தான். நானும் அவனும் இருபது வருஷமாக ஒரே மூட்டையின் இரண்டு முனையைத் தூக்கியவர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன்.

அன்று மார்கழி இரண்டாம் வியாழன். அதற்குப் பிறகு அவன் மரத்தடிக்கு வரவில்லை. யாரும் அவனோடு பேசவில்லை. குழாயடியில் முனியம்மா வந்தால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மூட்டை தூக்க அவனோடு ஜோடி சேர ஆள் இல்லை. தனியாக இழுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் போனேன்.

பொங்கலுக்கு முன்னால் செய்தி வந்தது. கலியன் குடும்பத்தோடு கேரளத்துக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போகிறான். பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வண்டி. போகட்டும், போனால் நிம்மதி என்றார்கள். எனக்கு நிம்மதி வரவில்லை. அவன்தான் என்றால் போகட்டும். அவன் இல்லையென்றால்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது என்றுதான் தெரியவில்லை.

தை ஐந்தாம் நாள் எங்கள் பக்கத்தில் ஆற்றுத் திருவிழா. தென்பெண்ணைக் கரையில் சாமிகளெல்லாம் வந்து இறங்கும், காலனியே காலியாகிவிடும். அன்றைக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. காய்க்காத மரத்தைக் கோடாலியோடு போய் மிரட்டுவது. வெட்டப்போகிறேன் என்று ஒருவன் ஓங்க வேண்டும். வேண்டாம், அடுத்த வருஷம் காய்க்கும், நான் ஜாமீன் என்று இன்னொருவன் ஓடிவந்து தடுக்க வேண்டும். பார்க்க வேறு ஆள் இருக்கக்கூடாது. ஜாமீன் நிற்பவன் வேறு வீட்டுக்காரனாக இருக்க வேண்டும். மூன்று வருஷமாக எங்கள் மரத்துக்கு ஜாமீன் நின்றவன் கலியன். கெஞ்சுவதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. போன வருஷம் என் காலைப் பிடித்து அவன் அழுத அழுகையில் எனக்கே மரத்தின் மேல் இரக்கம் வந்துவிட்டது.

இந்த வருஷம் அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"ஒரே வூட்டு ஆளு ஜாமீன் நின்னா செல்லாதுய்யா," என்றாள்.

"வேற யாரு இருக்கா? சும்மா நில்லு."

செவ்வாய்க்கிழமை மதியம். நாலு வரிசையிலும் ஒரு சத்தம் இல்லை. கோடாலியின் பின்புறத்தால் அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டினேன். "ஒன்பது வருஷமா என் தண்ணியக் குடிச்சுகினு சும்மா நிக்கிற. அடுத்த தை வரைக்கும்தான் உனக்கு உசுரு. அன்னிக்கு உன்னை ரெண்டா வெட்டிச் சாய்க்கலன்னா நான் தனகோட்டி இல்ல."

அஞ்சலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். "விட்டுடுய்யா. பாவம். நான் பொறுப்பு." கெஞ்சலில் உயிரே இல்லை. கலியனாக இருந்தால் இன்னும் கால் மணி நேரம் இழுத்திருப்பான்.

மறுநாள் காலை கேட்டில் என் சோற்றுத் தூக்கைத் திறந்து பார்த்தார்கள். இடுப்பைத் தடவினார்கள். இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. "எதுனா கத்தி கித்தி வெச்சிருக்கியா?" என்று கேட்டான் காவல்காரன். பிறகு மேனேஜர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"உக்காருங்க தனகோட்டி," என்றார். அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா? யாரோடயாவது சண்டையா?"

"இல்ல சார்."

"கோபம் எல்லாருக்கும் வரும். ஆனா வெட்டுவேன்னு பேசுறதெல்லாம் கேஸாயிடும். அடுத்த தை வரைக்கும்தான் உனக்கு உசுருன்னு யாரைச் சொன்னீங்க?"

 ஒரு சொல் மாறாமல் அப்படியே சொல்கிறார். மரத்தைச் சொன்னேன் என்று வாய் வரை வந்தது. ஏனோ அதை விழுங்கிவிட்டேன். "பொண்டாட்டியோட வாய்த் தகராறு சார்," என்றேன்.

அவர் முகம் இளகியது. "அதான் நானும் நெனச்சேன். அந்தம்மா குரலும் கேட்டுச்சு." சொல்லிவிட்டு மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "கேட்டதா சொன்னாங்க. சரி, போய் வேலையைப் பாருங்க."

கலியன் திருவிழா அன்றைக்குக் காலையிலேயே ஆற்றுக்குப் போய்விட்டான். பவுனுவின் பிள்ளைகளோடு வண்டியில் ஏற இடம் கொடுக்காததால் அவன் நடந்தே போனதை நானே பார்த்தேன். அப்படியானால் சொன்னது கலியன் இல்லை. அங்கே இருந்தது இரண்டே பேர். நானும் அஞ்சலையும்.

இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று முழுவதும் மூட்டை தூக்கிக்கொண்டே என் பெண்டாட்டியைக் கணக்குப் பார்த்தேன். போன ஆடியில் அவளை உடைப்பிலிருந்து சிப்பம் கட்டும் இடத்துக்கு மாற்றினார்கள். அது மேனேஜர் அறைக்குப் பக்கம். உட்கார முக்காலி கொடுத்தார்கள். எதற்கு முக்காலி? மரத்தடியில் கூட்டம் போட முதலில் சொன்னவளும் அவள்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அவள் போட்ட டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மேனேஜர் உன்னாண்ட பேசுவாரா?"

"எந்த மேனேஜரு?"

"எத்தினி பேரு இருக்காங்க? பேசுவாரா, மாட்டாரா?"

 அவள் என் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். கேட்டில் நடந்தது அவளுக்கும் தெரிந்திருந்தது.

"கலியனுக்குப் பண்ணியே, அதையே இப்ப எனக்குப் பண்றியா? நாளைக்கு உன் நிழலப் பாத்துக் கேளு, மேனேஜரு உன்னாண்ட பேசுவாரான்னு."

"அங்க நாம ரெண்டு பேருதான இருந்தோம்?"

"ரெண்டு பேருதானா? மூணாவதா ஒருத்தன் நின்னான். அவனாண்டதான் நீ பேசுன. அவனுக்குத்தான் நான் ஜாமீன் நின்னேன்." வேடிக்கையாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் இரண்டு பேருமே பின்வாசல் பக்கம் பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. இந்த முறை கீழேயிருந்து படித்தேன். மற்றவை. செவ்வாய்க் கட்டத்தில் இரண்டு.

டிரங்குப் பெட்டியில் பழைய தாள் எல்லாம் இருந்தது. படித்துப் பழக அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பினேன். வியாழன் ஏழு. வியாழன் ஏழு. பவுனு மகளுக்குக் காய்ச்சல் என்று வராத வாரம் ஆறு. மார்கழி இரண்டாம் வியாழன் ஏழு. அதற்கடுத்த வாரத்திலிருந்து ஆறு, ஆறு, ஆறு. மற்ற நாட்களில் சுழியம். சில நாளில் மட்டும் ஒன்று. அந்த ஒன்று என்னவென்று அஞ்சலையே கண்டுபிடித்தாள்.

"நான் பாத்திரம் துலக்கும்போது தனியாப் பேசுவேனே, அதுவா?"

"மரத்தாண்டயா பேசுற?"

"உன்னைக் கட்டிக்கிட்டவ வேற யாராண்ட பேசுவா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காக்கை, அணில் என்று இத்தனை நாள் நான் நினைத்துப் படித்துவிட்டுப் போன எண் அது. பட்டைப்புழு இரண்டு என்றால் இரண்டுதான் இருந்தது. அப்படியானால் மற்றவை ஏழு என்றால் ஏழுதான். அதே பட்டியலில், அசுவினிக்கு அடுத்த வரியில் எங்களை எண்ணியிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் பூச்சிக்காரம்மா வந்தார். பிரிசில்லா என்று பெயர். கம்பெனியின் ஆள், நாற்பது வயதிருக்கும். மாதம் ஒருமுறை வந்து காதைத் துடைத்து, மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பூச்சி என்றால் அவருக்கு உயிர். உள்ளங்கையில் புழுவை விட்டுக்கொண்டு குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசுவார்.

"மரம் சுத்தமா இருக்குண்ணே. நல்லாப் பாத்துக்கிறீங்க."

"இது எப்படிம்மா ஒண்ணொண்ணாப் பேரு சொல்லுது?"

"ஒவ்வொண்ணும் மெல்லுறது ஒவ்வொரு மாதிரிண்ணே. பட்டைப்புழு சுரண்டும். துளைப்பான் நறநறன்னு கடிக்கும். மொட்டு வண்டு விட்டு விட்டுக் கொறிக்கும். மரம் முழுசும் ஒரு பறை மாதிரி. எங்க தொட்டாலும் அதிரும்."

"மரத்தடியில ஆளு பேசினா?"

அவர் கை அப்படியே நின்றது. தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். "தண்ணி கிடைக்குமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, வீட்டுக்குள் வராமல் சந்து வழியாகத் தெருவுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். குழாயடி வரை போன பிறகுதான் திரும்பினார்.

"எதுக்குக் கேக்குறீங்க?"

தாளைக் காட்டினேன். விரலை வைத்துக் காட்டினேன். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"தாள் அடிக்கிறதே உங்க ஒருத்தருக்குத்தான். இந்த வரியை எடுக்க மறந்திருக்காங்க," என்றார் மெதுவாக. "என் திரையில பூச்சி மட்டும்தாண்ணே வரும். மத்தது வேற கதவு வழியாப் போகுது. எங்க போகுதுன்னு நான் கேட்டதில்ல."

"ஏன் கேக்கல?"

"நீங்க கேட்டிருப்பீங்களா?"

 அவர் தண்ணீர் குடிக்காமலே போனார். அவரையும் நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. தெருமுனையில் நின்று யாருக்கோ போன் செய்தார். யாருக்கு என்று நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஆகிவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஒருவரிடமும் சொல்லாமல், அஞ்சலையிடம்கூடச் சொல்லாமல், மரத்தடிக்குப் போனேன். பட்டையில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்: "இன்னிக்குப் பதினோரு மணிக்கு எல்லாரும் பின் கேட்டு வழியா வெளிய வந்துடணும். பவுனு கூடத்துல மணி அடிப்பா." வேறு ஒன்றும் சொல்லவில்லை. முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பதினோரு மணிக்குப் பின் கேட்டில் பூட்டு புதிதாகத் தொங்கியது. ஆறு காவல்காரர்கள் கம்போடு நின்றார்கள். உடைப்புக் கூடத்தில் மணியைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். பவுனு அதைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா மணிய எடுக்கிறீங்க, விக்கவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. நான் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கலியன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. கட்டில், இரண்டு மூட்டை, ஒரு பிளாஸ்டிக் குடம். முனியம்மா என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். நான் தாள்களை அவனுக்கு முன்னால் விரித்தேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். விரல் வைத்துச் சொல்லச் சொல்லக் கேட்டான். சனிக்கிழமை நடந்ததையும் சொன்னேன்.

"அப்ப மரம்தான்," என்றான்.

"மரந்தான் கலியா."

"கூரையில தகடு எதுக்கு மாட்டினாங்கன்னு இப்பத்தான் புரியுது. நீங்க பாக்குறதுக்கு ஒரு மூஞ்சி வேணும்ல."

"தப்புப் பண்ணிட்டேன். எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றேன். போவாத. மூட்டையை இறக்கு."

அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினான். குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கும் மரம்னு தெரியாது மச்சான். ஆனா நான் இல்லன்னு எனக்குத் தெரியும். அப்போ வேற என்னமோதான்னு தெரியும். ஒரு மாசமா அதையே தேடிக்கினு இருந்தேன். நீயும் என்னை நம்பியிருந்தின்னா அன்னிக்கே தேடியிருப்ப. ரெண்டு பேருமாத் தேடியிருந்தா முன்னாடியே கெடச்சிருக்கும்."

"கலியா."

"அது காதுன்னு வெச்சாங்க, கேக்குது. உனக்கு இன்னா வந்துச்சு?"

வண்டி போனது. தெருமுனை திரும்பும்போது புதுக் கூரைத் தகடு வெயிலில் கண்ணைக் குத்தியது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதைக் கழற்றவில்லை. கழற்றினால் குற்றம், கழற்றினால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். வியாழக்கிழமை வழக்கம்போல மரத்தடியில் உட்கார்ந்து பொய் பேசினோம். பவுனுவுக்கு அது நன்றாக வந்தது. "மேனேஜரு தங்கமான மனுசன், ரெண்டு நாளு பொறுப்போம்" என்று அவள் மரத்தைப் பார்த்துச் சொல்லும்போது எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியாது. உண்மைப் பேச்செல்லாம் உடைப்புக் கூடத்தில், இருநூறு சுத்தியல் சத்தத்துக்கு நடுவே, காதோடு காதாக நடந்தது. பங்குனியில் ஒருநாள் யாரும் எதிர்பாராத நேரத்தில் நானூறு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் கையுறை வந்தது. முழங்கை வரை வரும் கையுறை, வாரத்துக்கு ஒன்று. பவுனு அதைப் போட்டுக்கொண்டு குழாயடியில் எல்லாருக்கும் காட்டினாள். முனியம்மாவுக்குத்தான் அது முதலில் வந்திருக்க வேண்டும்.

கலியனுக்கு நான் கடிதம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம். இரண்டு பக்கம் எழுதப் பத்து நாள் ஆனது. அவனுக்கு அதை யார் படித்துக் காட்டினார்களோ, காட்டவில்லையோ. பதில் இல்லை.

மறு வருஷம் தை ஐந்து புதன்கிழமை வந்தது. மரம் காய்க்கவில்லை. கோடாலியை எடுத்தேன். அஞ்சலை, "வேணாம்யா, ஜாமீனுக்கு ஆளு இல்லாம எதுக்கு மிரட்டுற," என்றாள். கோடாலியை வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் ஆற்றுக்குப் போனோம். இருட்டும்போதுதான் திரும்பினோம்.

வெள்ளிக்கிழமை தாள் வந்தது. எங்கள் தாளில் கடைசி வரியை அவர்கள் இன்னும் எடுக்கவில்லை. மறந்துவிட்டார்களா, நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா, தெரியாது. புதன்கிழமைக் கட்டத்தில் ஒன்று என்று இருந்தது.

வீடு பூட்டிக் கிடந்த நாள். காலனியே காலியாகக் கிடந்த நாள். கம்பெனி ஆள்தான் வந்து எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். காலனி வாசலில் இருக்கும் காவல்காரரிடம் போய்க் கேட்டேன்.

"கம்பெனி ஆளு யாரும் வரல. கலியன் வந்தான்யா," என்றார். "எலும்பும் தோலுமா இருக்கான். நேரா உன் வூட்டுப் பின்பக்கம் போனான். யாரும் இல்லியே, நாளைக்கு வாயேன்டான்னேன். ஆளு இருக்கக்கூடாதுன்னுதான் இன்னிக்கு வந்தேன்னான். மரத்தப் புடிச்சுகினு ரொம்ப நேரம் பேசினான். இங்கேருந்து எனக்கு ஒண்ணும் கேக்கல. அப்புறம் மூஞ்சத் தொடச்சுகினு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிட்டான்."

மாதக் கடைசியில் பிரிசில்லா வந்தபோது குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்த ஒரு நாள் குரலை மட்டும் எடுக்க முடியுமா என்று. அவர் தலையை ஆட்டினார். "என் கதவு இல்லண்ணே அது."

ஆக, கலியன் என்ன பேசினான் என்று இந்த ஊரில் ஒருவருக்குத் தெரியும். காலையில் கேட்டில் மேனேஜர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்க்கிறார். கலியன் மரத்துக்கு ஜாமீன் நின்றானா, எனக்கு நின்றானா, இல்லை என்னை வெட்டிச் சாய்க்கச் சொல்லிவிட்டுப் போனானா என்று அந்த முகத்தில் தேடுகிறேன். ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, மற்றவர்கள் வருவதற்கு முன், விடிகாலையில் தனியாக மரத்தடிக்குப் போனேன். தகட்டுக்கு நேராக வாயை வைத்து மெதுவாகக் கேட்டேன். "அவன் இன்னா சொன்னான் சார்?"

அன்று சாயங்காலம் பவுனுவுக்கு உடம்பு சரியில்லை, கூட்டம் நடக்கவில்லை. மறுநாள் தாள் வந்தது. விரல் வைத்து மேலேயிருந்து படித்தேன். சாம்பல் துளைப்பான் இல்லை. பட்டைப்புழு இல்லை. மாவுப்பூச்சி இல்லை. மருந்து தேவையில்லை.

மற்றவை, வியாழன்: ஒன்று.